அடுக்குப் பட்டியலில் விடுபட்ட குழந்தை

அந்தக் கோப்பை டாக்டரம்மா பென் டிரைவில் போட்டுக் கொடுத்தபோது, ஒரு வாரத்தில் வேலை முடிந்துவிடும் என்றுதான் இரண்டு பேருமே நினைத்தோம்.

நான் கோயமுத்தூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஆடியாலஜிஸ்ட். என் வேலை பெரும்பாலும் பச்சைக் குழந்தைகளோடுதான். பிறந்து ஒன்றிரண்டு நாள் ஆன குழந்தை நன்றாகத் தூங்கும் நேரம் பார்த்து, அதன் காதில் மெத்தென்ற ஒரு சின்னக் குமிழை வைப்பேன். அதிலிருந்து மெல்லிய ஒலி உள்ளே போகும். உட்காது நன்றாக இருந்தால் அது சும்மா கேட்டுக்கொண்டு இருக்காது. பதிலுக்குத் தானும் ஒரு ஒலியை வெளியே அனுப்பும். நம் யார் காதுக்கும் எட்டாத அளவு சிறிய ஒலி. மெஷின் அதைப் பிடித்துவிட்டால் திரையில் ‘பாஸ்’ என்று வரும். பிடிக்கவில்லை என்றால் ‘ரெஃபர்’. பதினான்கு வருடமாக இதைச் செய்கிறேன். காது பதில் சொல்லும் என்பது எனக்கு இன்னும் பழகிப்போகவில்லை.

‘ரெஃபர்’ வந்துவிட்டால் குழந்தைக்குக் காது கேட்காது என்று அர்த்தமில்லை. பிறந்த புதிதில் காதுக்குள் நீரும் அழுக்கும் இருக்கும். அதனால் ஒன்றரை மாதத் தடுப்பூசிக்கு வரும்போது எல்லாக் குழந்தைகளையும் இரண்டாம் முறை பார்ப்போம். இதையெல்லாம் ஒரு டேப்லெட்டில் பதிவோம். வராதவர்களுக்கு ‘வரவில்லை’ என்று போட்டு, அலுவலகத்திலிருந்து ஃபோன் செய்து கூப்பிடுவார்கள்.

டாக்டரம்மா எங்கள் காது மூக்கு தொண்டைப் பிரிவின் தலைவி. இத்தனை வருடப் பதிவுகளையும் சேர்த்து ஓர் அறிக்கை எழுத வேண்டும் என்று ஆசைப்பட்டார். கணினிப் பதிவுகளைக் கவனித்துக்கொண்டிருந்தவர் வேறு வேலை கிடைத்து பெங்களூருக்குப் போய்விட்டார். “நீதான் டேப்லெட்ல போட்டே, நீயே எடுத்துரு” என்றார்.

எக்செல்லில் திறந்து பார்த்தேன். ஒரே ஒரு கட்டம். அந்தக் கட்டத்துக்குள் முழு மருத்துவமனையும் இருந்தது. வளைந்த அடைப்புகள், சதுர அடைப்புகள், மேற்கோள் குறிகள், நடுநடுவே அம்மாக்களின் பெயர்கள். இறக்கி இறக்கிப் பார்த்தேன், முடியவே இல்லை. மூடிவிட்டேன்.

எனக்கு ஒரு தோழி இருக்கிறாள். போத்தனூரில் வீடு. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் இரண்டு பேரும் ஒரே பாடகர் குழுவில் நிற்போம். அவள் ஒரு நூல் மில்லின் தரப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறாள். நூலின் வலுவையும் பருமனையும் கணக்குப் போட, ஆர் என்ற புள்ளியியல் கணினி மொழியைப் பயன்படுத்துகிறாள். பூசை முடிந்ததும் அவளிடம் புலம்பினேன். “லேப்டாப்ப எடுத்துட்டு ஊட்டுக்கு வா அம்மணி, பார்த்துப்போடலாம்” என்றாள்.

அவள் வீட்டு மேஜையில் இட்லி ஆறிக்கொண்டிருக்க, கோப்பை ஆர் மொழிக்குள் இழுத்தாள். பத்து விநாடி. “உள்ள வந்துருச்சு” என்றாள். எனக்கு எதுவும் வந்த மாதிரித் தெரியவில்லை.

“இது பூராம் லிஸ்ட். லிஸ்ட்டுக்குள்ள லிஸ்ட். பெரிய லிஸ்ட்டுல ஒவ்வொரு அம்மாவும் ஒரு லிஸ்ட். அம்மாவுக்குள்ள முதல் வருகை, ரெண்டாம் வருகைன்னு தனித்தனி லிஸ்ட். வருகைக்குள்ள இடது காது, வலது காது. உனக்கு என்ன வேணும்?”

“முதல் குழந்தையோட இடது காது.”

அவள் ஒரு சதுர அடைப்புப் போட்டு எடுத்தாள். திரையில் ஏதோ வந்தது. அதிலிருந்து காதை எடுக்கப் பார்த்தாள், வரவில்லை. வேண்டுமென்றேதான் அப்படிச் செய்தாள் என்று அவள் முகத்தைப் பார்த்தபோது தெரிந்தது.

“எங்க மில்லுல நூல் சுத்துன கோனைப் பையில போட்டு, பையைப் பெட்டியில அடுக்குவாங்க. ஒத்தை அடைப்புப் போட்டா பையோட தூக்கிக் குடுக்கும். பையை வெச்சு நூல் ஓட்ட முடியுமா? ரெட்டை அடைப்புப் போட்டாத்தான் பையைப் பிரிச்சுக் கோனைக் கையில குடுக்கும்.”

கீபோர்டை என் பக்கம் தள்ளினாள். நான் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினேன். இரட்டை அடைப்பு, ஒன்று. இரட்டை அடைப்பு, முதல் வருகை. இரட்டை அடைப்பு, இடது காது. என்டர்.

‘பாஸ்.’

அந்த ஒரு சொல், வேறு எதுவும் சுற்றி இல்லாமல், வெள்ளைத் திரையில் தனியாக நின்றது. நான் கத்திவிட்டேன். தோழியின் கணவர் அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தார். அத்தனை ஆயிரம் அடைப்புக்குறிகளுக்கு நடுவே, எப்போதோ ஒரு நாள் நான் ஒரு குழந்தையின் காதருகே குனிந்து நின்ற அந்த ஒரு நொடியை, மூன்று படி இறங்கிப் போய்க் கையில் எடுத்துவிட்டேன். அது எங்கேயும் போகவில்லை, வைத்த இடத்திலேயே இருந்திருக்கிறது.

அப்புறம் அவள் காட்டியதுதான் என்னை இன்னும் அசர வைத்தது. அதே மூன்று படியை ஒரு சின்னக் கட்டளையாக எழுதி, எல்லாக் குழந்தைகள் மேலும் ஒரே வரியில் ஓடவிட்டாள். திரை நிரம்பி மேலே மேலே ஓடியது. பாஸ் பாஸ் பாஸ் ரெஃபர் பாஸ் பாஸ். என் பதினான்கு வருடத்தில் பாதி, மூச்சு விடும் நேரத்தில் கண் முன்னால் போனது. ஒவ்வொன்றும் ஒரு காது. ஒவ்வொன்றுக்கும் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

“இதுக்கு எதுக்குடி அழுகறே?” என்றாள் தோழி.

மறுநாளிலிருந்து மத்தியானம் ஓபி முடிந்ததும் உட்கார்ந்துவிடுவேன். தப்பாகத் தட்டுவேன், சிவப்பு எழுத்தில் திட்டு வாங்குவேன், தோழிக்கு வாட்ஸ்அப்பில் படம் அனுப்புவேன். அம்மாவின் வயது எந்த அடுக்கில், எடை எந்த அடுக்கில் என்று கை தானாகப் போகத் தொடங்கியது. முதல் வருகையின் காதுகளை எல்லாம் எடுத்து முடித்தேன், எண்ணிப் பார்க்கத் தோன்றவில்லை. இரண்டாம் வருகையின் இடது காதுகளுக்கு வந்தேன். எடுத்தவற்றை எல்லாம் தட்டையான ஒரே வரிசையாக்க ஒரு கட்டளை உண்டு. அன்லிஸ்ட் என்பார்கள். அதைப் போட்டு, எத்தனை இருக்கிறது என்று எண்ணச் சொன்னேன்.

ஆறு குறைந்தது.

மொத்த அம்மாக்களைவிட ஆறு குறைவு. வராதவர்களுக்கும் ‘வரவில்லை’ என்று ஒரு சொல் இருக்க வேண்டும். எதுவும் குறைய வழியே இல்லை. திரும்பப் போட்டேன். மறுபடியும் ஆறு. சிவப்பு எழுத்தில் எந்தத் திட்டும் வரவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

தோழி மில் கேன்டீனிலிருந்து ஃபோனில் பேசினாள். “அந்த ஆறு பேருக்கும் நீ தேடற இடத்துல ரெண்டாம் வருகைங்கற லிஸ்ட்டே இருக்காது. இல்லாததைக் கேட்டா அது தப்புன்னு சொல்லாது, நல்லுன்னு ஒண்ணு குடுக்கும். நல்லுன்னா ஒண்ணுமே இல்லைன்னு அர்த்தம். அன்லிஸ்ட் போட்டா அந்த ஒண்ணுமில்லாததைச் சத்தமில்லாம உதுத்துப்போடும்.”

“உதுத்துட்டேன்னுகூடச் சொல்லாதா?”

“சொல்லாது. நீதான் எண்ணிப் பார்க்கோணும்.”

எந்தெந்த இடத்தில் ‘நல்’ இருக்கிறது என்று கேட்கக் கற்றுக்கொடுத்தாள். ஆறு எண்கள் வந்தன. ஒவ்வொன்றையும் இரட்டை அடைப்புப் போட்டுத் திறந்தேன். முதல் ஐந்தும் இரட்டைக் குழந்தைகள். அவர்களுக்குப் பதிவில் இன்னோர் அடுக்கு கூடுதலாக இருந்தது. ஒரு படி ஆழமாக இறங்கினால் ஐந்து ஜோடிக்கும் எல்லா விவரமும் பத்திரமாக இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. ஆறாவதையும் அதே நம்பிக்கையோடு திறந்தேன்.

ஒற்றைக் குழந்தை. பெண். முதல் வருகை: இடது காது ரெஃபர். வலது காது ரெஃபர். அதற்குக் கீழே ஒன்றும் இல்லை.

பரிசோதித்தவர் என்ற இடத்தில் என் பெயர் இருந்தது.

எப்படி நடந்தது என்று பிற்பாடு புரிந்தது. அவர்கள் ஒரு விடுமுறை நாளில் டிஸ்சார்ஜ் ஆகியிருக்கிறார்கள். இரண்டாம் வருகைக்கான பக்கத்தை யாரும் திறந்து வைக்கவில்லை. அந்தப் பக்கம் இருந்தால்தான் ஃபோன் செய்ய வேண்டியவர் பட்டியலில் பெயர் வரும். பக்கம் இல்லை, அதனால் பட்டியலிலும் இல்லை. ‘வரவில்லை’ என்றுகூட அந்தக் குழந்தையைப் பற்றி யாரும் எழுதவில்லை. பிறந்த தேதியைப் பார்த்தேன். ஐந்து மாதம் முடிந்திருந்தது.

பதிவில் இருந்த எண்ணுக்கு அடித்தேன். வேறு யாரோ ஒருவர் எடுத்து, ராங் நம்பர் என்று வைத்துவிட்டார். முகவரியில் போத்தனூர், ஒரு தெருப் பெயர், அவ்வளவுதான். டாக்டரம்மாவிடம் ஓடலாமா என்று எழுந்து, மறுபடி உட்கார்ந்தேன். அந்தக் குழந்தையின் பதிவு முழுவதையும் அடுக்கு அடுக்காகத் திறக்க ஆரம்பித்தேன். அம்மா. அம்மாவுக்குள் பிரசவம். பிரசவத்துக்குள் வார்டு. வார்டுக்குள் குறிப்புகள். குறிப்புகளில் மூன்றாவது, வார்டு சிஸ்டர் யாரோ அவசரத்தில் தட்டியது: ‘போத்தனூர் அம்மா ஊடு. புருசன் ஊடு சென்னிமலை. பக்கத்து மளிகைக் கடை நம்பர்’ என்று போட்டு, பத்து இலக்கங்கள்.

அந்தப் பத்து இலக்கங்களையும் ஃபோனில் தட்டினேன். யாரும் படிக்காத ஓர் இடத்தில், ஐந்து அடுக்குக்கு அடியில், ஒரு குழந்தைக்குப் போகும் வழி கிடந்தது.

கடைக்காரர் எடுத்தார். குழந்தையின் அம்மா பெயரைச் சொன்னேன். “அந்தப் புள்ளைங்களா? நாலு ஊடு தள்ளித்தானுங்க. சித்த லைன்லயே இருங்க, கூப்புடறேன்.”

ஒரு நிமிடம் கழித்து இளம் குரல். “யாருங்க?”

நான் யாரென்று சொன்னேன். “பாப்பா நல்லா இருக்காளுங்களா?”

“நல்லா இருக்கறாளுங்க. கவுந்துட்டா. நல்லாச் சிரிக்கறா.”

“கூப்பிட்டாத் திரும்பறாளுங்களா?”

“எதுக்க வந்து நின்னாச் சிரிப்பாளுங்க.”

“பின்னாடி நின்னு கூப்பிட்டா?”

“இது தறி ஊடுங்க. எந்நேரமும் சத்தந்தான். அதுலயே தூங்கிப் பழகிட்டாளுங்க. நாலு தறியும் ஓடும், அவபாட்டுக்குத் தூங்குவா. தங்கமான புள்ளைன்னு எல்லாருமே சொல்லுவாங்க.”

நான் மெதுவாகக் கேட்டேன். “ரெண்டாம் டெஸ்ட்டுக்கு வரச் சொல்லியிருந்தமே அம்மணி?”

“ஊசி இங்கயே போட்டுட்டமுங்க. காதுல தண்ணி இருக்கும், அப்புறமாப் பார்த்துக்கலாம், ஃபோன் பண்ணுவோம்னு சொன்னீங்க. ஃபோனே வரலை. சரி, ஒண்ணும் இல்லை போலன்னு இருந்துட்டமுங்க.”

அவள் குறையாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னாள். நான் நேரில் வாரேன் என்றேன்.

டாக்டரம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, கையடக்கமான பரிசோதனை மெஷினை எடுத்து என் பையில் அவரே வைத்தார். சனிக்கிழமை காலை பஸ் ஏறி, பெருந்துறையில் மாறி, சென்னிமலையில் இறங்கினேன். மலையைச் சுற்றிக்கொண்டு போகும் ஒரு தெருவில் அந்த வீடு. வாசலுக்கு முன்பே தறிச் சத்தம் வந்துவிட்டது. உள்ளே போனதும் நெஞ்சுக்கூட்டில் அடிப்பது போல் இருந்தது. நாலு விசைத்தறி, பாதி நெய்த பெட்ஷீட்டுகள், உத்தரத்தில் ஒரு சேலைத் தொட்டில். தொட்டிலில் அவள், வாயைத் திறந்துகொண்டு, அத்தனை நிம்மதியாக.

வாங்க வாங்க என்று குழந்தையின் அப்பா சொன்னது உதட்டசைவில்தான் தெரிந்தது. தொட்டிலைப் பக்கத்து அறைக்கு மாற்றச் சொல்லி, கதவைச் சாத்தி, குமிழை வைத்தேன். இடது ரெஃபர். வலது ரெஃபர். அவர் என் தோளுக்குப் பின்னாலிருந்து திரையைப் பார்த்தார்.

“ஏனுங்க, இந்தச் சத்தத்துல மிசினு தப்பாக் காட்டுதோ என்னமோ. நிறுத்திப்போட்டுப் பார்க்கலாமுங்க.”

போய் ஒவ்வொன்றாக நிறுத்தினார். நாலாவது தறி நின்றதும் வீட்டில் விழுந்த அமைதி எனக்கே காதை அடைத்தது. திரும்ப வைத்தேன். இரண்டுமே ரெஃபர். அதற்குள் குழந்தை விழித்து, அம்மாவின் மடியில் உட்கார்ந்து என் வளையலைப் பிடிக்கப் பார்த்தது.

அந்தப் பெண் குழந்தையைக் கணவரிடம் கொடுத்தாள். அடுக்களைக்குப் போனாள். ஒரு எவர்சில்வர் தட்டத்தோடு வந்து, குழந்தைக்குப் பின்னால் நின்று, அதைத் தரையில் போட்டாள். நான் சொல்லவில்லை, அவளாகத்தான் செய்தாள். தட்டம் விழுந்து, சுழன்று, சுழன்று அடங்கியது. அவர் திடுக்கிட்டார், நான் திடுக்கிட்டேன். குழந்தை என் வளையலையே பார்த்துக்கொண்டிருந்தது.

அவள் குனிந்து தட்டத்தை எடுத்தாள். “எத்தனை நாளாச் சொல்லோணும்னு இருந்தேன், யாருகிட்டச் சொல்றதுன்னு தெரியலீங்க” என்றாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். எங்கள் தப்பு என்று சொன்னேன். ஃபோன் செய்திருக்க வேண்டும், செய்யவில்லை, விட்டுப்போய்விட்டது என்று சொன்னேன். அவள் கணவர் குழந்தையின் காதைத் தடவிக்கொண்டே, “இப்பத் தேடி வந்துட்டீங்கள்ல. மேல என்னங்க பண்ணோணும்?” என்று கேட்டார்.

அடுத்த வாரமே கோயமுத்தூர் வந்தார்கள். குழந்தையைத் தூங்க வைத்து, நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் ஒயர் ஒட்டி, ஒலி மூளை வரை போகிறதா என்று பார்க்கும் பெரா பரிசோதனையைச் செய்தோம். குறைபாடு கடுமையானதுதான். ஆனால் முழுதாக இல்லை. மிகப் பெரிய ஒலிகளுக்கு இரண்டு காதிலும் சின்னதாக ஓர் அலை எழுந்தது. டாக்டரம்மா அந்த அலையின் மேல் பேனாவை வைத்து, “ஆறு மாசம் ஆகறதுக்கு முன்னாடியே பிடிச்சுட்டோம். இத வெச்சு வேலை செய்யலாம்” என்றார்.

காதின் அச்சு எடுத்து, அதற்கேற்ற ரோஸ் நிற மோல்டு வந்து, காது மெஷின் மாட்டிய நாள் ஒரு செவ்வாய்க்கிழமை, பதினொரு மணி இருக்கும். குழந்தை அப்பாவின் மடியில். எதிரே ஒரு ரப்பர் வாத்தோடு நான். அம்மா பின்னால். அளவை மிகக் குறைவாக வைத்து, அம்மாவுக்குத் தலையசைத்தேன்.

“கண்ணு.”

வாத்தைப் பிடித்திருந்த கை அப்படியே நின்றது. முழு உடம்பும் நின்றது. கண்கள் பெரிதாகின. அவள் இன்னொரு முறை சொன்னாள். “கண்ணு. அம்மா இங்க இருக்கறேன் பாரு.” குழந்தை திரும்பியது. ஆனால் தப்பான பக்கம், ஜன்னல் பக்கம். சத்தம் எந்தத் திசையிலிருந்து வரும் என்று அதற்கு எப்படித் தெரியும்? ஜன்னலைப் பார்த்தது, கூரையைப் பார்த்தது, அப்பாவின் வாயைப் பார்த்தது. மூன்றாவது முறை அம்மா கூப்பிட்டபோது, மெல்ல, மிக மெல்ல, கழுத்தைத் திருப்பிக்கொண்டே போய் அவள் முகத்தில் வந்து நின்றது. பார்த்துப் பழகிய முகம். அதிலிருந்துதான் இது வருகிறது என்று கண்டுபிடித்த மாதிரி, அவள் உதட்டை ஒரு விரலால் தொட்டது.

அப்பா குழந்தையை என்னிடம் கொடுத்துவிட்டு எழுந்து வெளியே போய்விட்டார். கொஞ்ச நேரம் கழித்து முகம் கழுவிக்கொண்டு வந்தார்.

டேப்லெட்டில் இரண்டாம் வருகைப் பக்கம் தானாகவே திறக்கும்படி மாற்றிவிட்டார்கள். அறிக்கையும் எழுதி முடித்தோம். இருந்தும் வெள்ளிக்கிழமை மத்தியானம் நானே உட்கார்ந்து, முதலில் இல்லாதவர்களைத்தான் எண்ணுகிறேன். பிறகுதான் இருப்பவர்களை எடுப்பேன். எத்தனை முறை செய்தாலும், அந்த ஒரு வரி ஓடி எல்லாக் காதுகளும் திரையில் வந்து நிற்கும்போது கையைக் கட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருப்பேன்.

சென்னிமலையிலிருந்து அந்தப் பெண் அவ்வப்போது கூப்பிடுவாள். மெஷினைப் பிடுங்கி வாயில் வைத்துக்கொள்கிறது, பேட்டரி தீர்ந்துவிட்டது, இப்படி ஏதாவது. போன ஐப்பசியில் ஒரு சாயங்காலம் கூப்பிட்டபோது லைனில் ஒரே இரைச்சல். குழந்தை வீறிட்டு அழுதுகொண்டிருந்தது.

“மழைங்கக்கா. தகரத்து மேல கொட்டுது. எம்பாப்பா இந்தச் சத்தத்துக்குப் பயந்துக்கறாளுங்க. மெசினைக் கழட்டிப்போடட்டுங்களா?”

அந்த அழுகையையும் மழையையும் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

“கழட்டாதீங்கம்மணி. தூக்கி வெச்சுக்குங்க. மழைன்னு சொல்லுங்க அவகிட்ட.”

“மழை கண்ணு, மழை” என்று அவள் சொல்வது, ஃபோனை அணைக்காமலே கீழே வைத்துவிட்ட பிறகும், தூரத்தில் கேட்டுக்கொண்டே இருந்தது.